மாமாவின் பேருந்தில் ஏழாவது பாட்டு

"ஏன் பாப்பா, உனக்கு நெசமாவே இங்கிலீசு தெரியுமா, இல்ல உங்க மாமா மாதிரிதானா?"

பின் இருக்கை அக்கா ஒருவர் இப்படிக் கேட்டதும் பேருந்தே சிரித்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. ஐந்தாம் ஆண்டு இறுதித் தேர்வில் ஆங்கிலத்துக்கு 'ஏ' வாங்கியிருந்தேன். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். மாமா நான்கு வரை போனதாகச் சொல்லிக்கொள்வார். அதனால் அந்த ரிப்போர்ட் கார்டு எங்கள் வீட்டுச் சாமி மேடையில் முருகன் படத்துக்கு அருகில் ஒரு வாரம் இருந்தது. அப்படிப்பட்ட என்னைப் பார்த்து இப்படிக் கேட்டால் எனக்குக் கோபம் வராதா?

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். மலேசியாவின் ஜொகூரில், எங்கள் ஊரான கோத்தா திங்கியிலிருந்து செனாயில் இருந்த ஒரு மின்கம்பித் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போய்த் திரும்ப அழைத்து வரும் பேருந்தை ஓட்டினார். ஆண்டிறுதி விடுமுறையில் அம்மா உணவகத்துக்கு வேலைக்குப் போய்விட்டால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே மதியம் இரண்டு மணிக்கு மாமா காலிப் பேருந்தோடு கிளம்பும்போது என்னையும் ஏற்றிக்கொள்வார். ஓட்டுநருக்குப் பக்கத்தில், என்ஜின் மூடியின் மேல் ஒரு பழைய தலையணையைப் போட்டு, அதுதான் என் இடம். சூடு தாங்காது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் சாலை முழுவதும் எனக்கே சொந்தம் போலிருக்கும்.

அந்தப் பேருந்தில் ஒரே ஒரு இசைத்தட்டுதான் உண்டு. சிங்கப்பூர் சுற்றுலா நிறுவனம் ஒன்றிடமிருந்து வண்டி பழையதாக வாங்கப்பட்டபோதே அது சிடி பிளேயருக்குள் சிக்கியிருந்தது. பட்டறைக்காரர் திருப்புளியால் நோண்டிப் பார்த்துக் கைவிட்டுவிட்டார். வானொலியும் எடுக்காது. பொத்தானை அழுத்தினால் ஒரு வெள்ளைக்காரப் பெண் பாடுவார். ஒரு கிட்டார், இடையிடையே ஒரு மவுத் ஆர்கன், அழுகிறதா சிரிக்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு வயலின். பதினொரு பாட்டுகள். முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

தொடக்கத்தில் பெண்கள் முணுமுணுத்தார்களாம். "என்னண்ணே இந்தம்மா, பாடாம பேசிக்கிட்டே இருக்கு?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "அது பாட்டு இல்லம்மா, கதை. ஒவ்வொண்ணும் ஒரு ஆளோட கதை" என்று மாமா சொன்னார். அது உண்மைதான் என்பது அவருக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. சிங்கப்பூரில் எட்டு மாதம் அடுக்குமாடிகளுக்குச் சாயம் பூசியவர் என்ற தகுதியில் அவர் ஆங்கிலம் அறிந்தவராகக் கருதப்பட்டார். அன்று முதல், கூலாய் சாலையில் செம்பனைக் காடுகள் தொடங்கியதும், மாமா ஒலியைக் கொஞ்சம் குறைத்துக் கதை சொல்வது வழக்கமாயிற்று.

முதல் பாட்டு ஒரு லாரிக்காரனுடையது. பாலத்தின் மேல் வண்டி நின்றுவிட்டது. மவுத் ஆர்கன் சத்தம்தான் அவன் அடிக்கும் ஹாரன். மூன்றாவது பாட்டில் ஆறு பெருகி வீட்டுக்குள் வந்துவிடும். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கோத்தா திங்கிக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஐந்தாவது பாட்டில் ஒரு விதவை தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்றுப் பிள்ளைகளைக் கரையேற்றுவாள்.

"அமெரிக்காவுல ஏதுண்ணே நாசி லெமாக்?"

"அங்க அதுக்கு வேற பேரும்மா."

கதை முடிந்ததும் நடு இருக்கையில் ஒருவர் திரும்பி அதைப் பின்னால் இருந்த மலாய்ப் பெண்களுக்கு மலாயில் சொல்வார். "அலமாக், காசியான்!" என்று அவர்கள் விதவைக்காக வருந்துவார்கள். ஆக ஒவ்வொரு கதையும் பேருந்தில் இரண்டு முறை ஓடும்.

ஏழாவது பாட்டு வந்தால் மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். அதில் கிட்டார் தனியாக ஒலிக்கும். பல்லவியில் ஒரு நீண்ட அழைப்பு வரும். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது மொழி தெரியாதவருக்கும் விளங்கும். மாமாவின் கணக்கில் அது, கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகளைத் தாய் கூப்பிடுவது. தாய் ஊரெல்லாம் தேடுவாள். கடைசியில் டிரம் ஒலி சேரும்போது மாமா ஸ்டியரிங்கில் விரலால் தட்டுவார். "கேக்குதா? கதவத் தட்டுறா. மக வந்துட்டா." அந்த இடத்தில் மூன்றாவது இருக்கை ஆன்ட்டி தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்த ஆன்ட்டியின் மகள் ஓராண்டுக்கு முன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சிங்கப்பூருக்குப் போனவர். போனும் இல்லை, வரவும் இல்லை. இது பேருந்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான், ஒரு கதையின் நடுவே "ஆமா ஆமா, சரியாத்தான் சொல்றாரு" என்று நானும் சேர்ந்துகொள்ள, பின் இருக்கை அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். என்னை மட்டுமல்ல, மாமாவையும் சேர்த்து அவமானப்படுத்திவிட்டதாக நான் நினைத்தேன். மாமா சொல்வது சரி என்று எழுத்தில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மூன்று நாள் காது கொடுத்துக் கேட்டதில் ஏழாவது பாட்டில் ஒரே ஒரு வரி தெளிவாகப் பிடிபட்டது. பேருந்து நிலையத்தருகே இருந்த சைபர் கஃபேயில் அந்த வரியைத் தட்டினேன். பாட்டு முழுவதும் வந்துவிட்டது. மற்றப் பத்தும் கூடவே வந்தன. பாடியவர் அமெரிக்காவின் தென்பகுதியில் ஏதோ ஒரு சிற்றூர்க்காரர். எல்லாப் பாட்டுகளும் அவரே எழுதியவை. உண்மையாகவே ஒவ்வொன்றும் ஒருவருடைய கதை. அச்செடுத்து வந்து, பள்ளி அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன்.

மூன்றாவது பாட்டில் வெள்ளம் இல்லை. எட்டு மாதமாக மழையே இல்லாத ஊர் அது. விதவை எதையும் விற்கவில்லை. ஒரு மரத்தை வெட்டவிடாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழாவது பாட்டில் மகள் வரவே இல்லை. பாடுவதே மகள்தான். வாசல் விளக்கை அணைத்துவிடு அம்மா, நான் வரப்போவதில்லை என்கிறாள்.

மாமா சொன்னது தவறு என்று தெரிந்தபோது நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரே பெருமை. மாமாவைக் காப்பாற்றப் போனவள், மாமாவை மறந்தே போனேன். இந்தப் பேருந்தில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது மட்டும் மனத்தில் நின்றது.

மறுநாள் ஏழாவது பாட்டு தொடங்கியது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் என்ஜின் மூடியின் மேல் எழுந்து நின்று, "இல்ல மாமா, தப்பு. நான் படிச்சுட்டு வந்திருக்கேன்" என்றேன்.

"ஓய், டீச்சர் வந்தாச்சு!" என்றது பின் இருக்கை.

நான் நோட்டுப் புத்தகத்தை விரித்து, தமிழில் எழுதி வைத்திருந்ததை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தேன். விளக்கை அணைத்துவிடு என்ற இடத்தில், மேடையில் பேசுவதுபோல் கையைக்கூட நீட்டினேன். படித்து முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. மாமா வளைவே இல்லாத சாலையில் சிக்னல் போட்டுவிட்டு, பிறகு அதை அணைத்தார்.

மூன்றாவது இருக்கை ஆன்ட்டிதான் பேசினார். "எங்கேருந்து பாடுது அந்தப் புள்ள?"

நான் தாளைப் பார்த்தேன். "ஒரு பெட்ரோல் ஸ்டேசனுக்கு மேல ரூம்பு எடுத்து இருக்காங்க ஆன்ட்டி."

"சாப்பாட்டுக்கு?"

"காப்பிக் கடையில வேலை பாக்குறாங்க."

"வீட்டுல வெளக்கு எரியுறது அதுக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. எனக்கே அது தோன்றவில்லை. மறுபடியும் தாளைப் புரட்டி, இரண்டாவது சரணத்தில் பதிலைக் கண்டுபிடித்தேன். "ஒரு தடவ பஸ்சுல வந்து, வீட்டுக்கு எதுர்ல நின்னு பாத்துட்டு, திரும்பிப் போயிடுறாங்க ஆன்ட்டி."

"வந்துச்சா?" என்றார் அவர்.

"வந்தாங்க. ஆனா உள்ள போகல."

அன்று யாரும் அந்தக் கதையை மலாயில் திருப்பிச் சொல்லவும் இல்லை.

அடுத்த சில நாட்கள் மாமா கதை சொல்லவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. வழக்கம்போல் எனக்குப் பாண்டான் கேக் வாங்கிக் கொடுத்தார், வழக்கம்போல் தலையணையைத் தட்டிப் போட்டார். பாட்டுகள் மட்டும் வெறும் சத்தமாக ஓடின. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். "இப்பத்தான் அர்த்தம் தெரிஞ்சுபோச்சே" என்று பின் இருக்கை அக்கா ஒரு முறை சொன்னார். அது பாராட்டு இல்லை என்பது எனக்கும் புரிந்தது. சரியாகச் சொன்னதற்கு ஏன் ஒருவரும் கைதட்டவில்லை என்பதுதான் புரியவில்லை.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தது. மூன்றாவது இருக்கை ஆன்ட்டி, ஓடும் பேருந்தில் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அடையாள அட்டையும், பிறப்புச் சான்றிதழும், ஒரு பாரமும் இருந்தன. கடப்பிதழுக்கான, அதாவது பாஸ்போர்ட்டுக்கான, விண்ணப்பப் பாரம்.

"பாப்பா, இத எழுதிக் குடுக்குறியா? தப்பு வந்தா ஆபீசுல திருப்பி அனுப்பிருவாங்களாம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேருந்து குலுங்காத இடங்களாகப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு எழுத்தாகப் பெரிய எழுத்தில் நிரப்பினேன். அவர் பெயரை எழுதினேன், அவர் அப்பா பெயரை எழுதினேன், பிறந்த தோட்டத்தின் பெயரை எழுதினேன். மாமா பள்ளங்களை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார்.

"சிங்கப்பூருல விலங்குக்காட்சி சாலை பாக்கப் போறீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா."

"அங்க வெள்ளைப் புலி இருக்காம்."

"அப்படியா? பாத்துட்டு வந்து சொல்றேன்."

யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார். ஏர்கண்டிஷன் குளிர் என்று நினைத்தேன். ஆன்ட்டி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவர் தன் பெயரைத் தமிழில், நான்கு எழுத்து, மிக மெதுவாக எழுதினார்.

அவர் போய் உட்கார்ந்ததும் எட்டாவது பாட்டு தொடங்கியது. கண்ணாடியில் மாமாவின் கண் என்னைப் பார்த்தது. பிறகு அவர் தொண்டையைச் செருமி, "இது ஒரு சலூன்காரனோட கதை" என்றார். பேருந்து நிமிர்ந்தது.

"பாப்பா, சரியா?" என்று பின் இருக்கை கேட்டது.

எட்டாவது பாட்டையும் நான் படித்திருந்தேன். அதில் சலூனும் இல்லை, சலூன்காரனும் இல்லை. "சரி" என்றேன்.

போன ஆண்டு நான் பட்டம் வாங்கியபோது அம்மா கோயில் மண்டபத்தில் விருந்து வைத்தார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அந்தப் பின் இருக்கை அக்காவும் வந்திருந்தார். இப்போது அதே தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மூன்றாவது இருக்கை ஆன்ட்டியைப் பற்றிக் கேட்டேன். அப்போதுதான் மகள் விஷயத்தையே எனக்குச் சொன்னார்.

"மொத தடவ மக இருக்குற எடத்த விசாரிச்சுப் போயி, அந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழயே நின்னுட்டு வந்துட்டாங்க. ரெண்டாவது தடவ மேல ஏறிட்டாங்க" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். "உங்க மாமா கத தெரியுமா உனக்கு? அந்த ஏழாவது பாட்டு மொதல்ல மாட்டுக் கத லா."

"மாடா?"

"ஆமா. தோட்டத்துல ஒருத்தி காணாமப்போன மாட்டக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடுறா. ரெண்டு வருசம் அந்த மாடு கெடைக்கவே இல்ல. நாங்க சிரிச்சி உருளுவோம். ஆன்ட்டி மக வீட்ட விட்டுப் போன அடுத்த வாரம், திங்கக்கெழம பஸ் ஏறுறோம், மாடு மகளாயிருச்சி. அன்னைக்கே வீட்டுக்கும் வந்துருச்சி."

"யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்?" என்றார் அக்கா.

மாமா மண்டபத்தின் மறுகோடியில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார். பதினொரு பாட்டில் பத்துக்கு அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னவர். ஒன்றுக்கு மட்டும் யோசித்துச் சொல்லியிருக்கிறார். நான் எழுந்து நின்று திருத்தியது அந்த ஒன்றைத்தான். பதினொரு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சொற்களின் பொருள். பேருந்தில் இருந்த மற்ற எல்லோருக்கும் அந்தக் கதை யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பது தெரிந்திருந்தது. ஆனால் ஆன்ட்டி பாரத்தோடு என்னிடம்தான் வந்தார், மாமாவிடம் போகவில்லை. இதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் ஜொகூர் பாருவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்துவிட்டேன். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று உறுதிமொழியும் எடுத்தாயிற்று. என் முதல் சாட்சி, பொந்தியானிலிருந்து வந்த ஒரு தாய். கூண்டில் ஏறியவர் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். அந்தப் பாதியை மொழிபெயர்ப்பேன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் முகத்தைப் பார்த்தபடி, மீதியையும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.