செசிலி கேட்ட மன்னிப்பு

ராயபுரம் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் செசிலியிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால், அளவெடுத்து முடிப்பதற்குள் தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது தெரிந்துவிடும்.

இந்த வருஷம் சாம்பல் புதனன்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில், "நாக்கை அடக்குங்க. யாருக்குத் தீங்கு செஞ்சீங்களோ, அவங்ககிட்டயே போய் மன்னிப்புக் கேளுங்க" என்றார். நெற்றிச் சாம்பலோடு செசிலி தேம்பித் தேம்பி அழுதாள். சும்மா சொல்லக்கூடாது, நிஜமான அழுகை.

மறுநாளே எதிர்வீட்டு நவ்ரீனிடம் போய் நின்றாள். "என்னிய மன்னிச்சிரு நவ்ரீனு. உன் பொண்ணப் பாக்க வந்தவங்க கைல, அது எந்நேரமும் எவன் கூடவோ போன் பேசிகினு கீதுன்னு நான்தான் சொன்னேன்."

அந்தச் சம்பந்தம் ஏன் நின்றது என்று நவ்ரீனுக்கு அதுவரை தெரியாது. ரம்ஜான் மாசமும் கூடவே வந்திருந்ததால் அவளும் நோன்பில் இருந்தாள். அதனால் வாயைத் திறக்காமல் கதவை மட்டும் சாத்தினாள்.

அடுத்தது துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜார்ஜ். "தம்பி, உனக்கு எண்ணூர்ல இன்னொரு வூடு கீதுன்னு கெளப்பி வுட்டது நான்தான்பா." அந்தப் பேச்சு தெருவில் எட்டாத ஒரே காது ஜார்ஜின் மனைவியுடையது. அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அன்று சாயங்காலமே மீஞ்சூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

குருத்தோலை ஞாயிறுக்குள் பதினோரு வீடு முடிந்தது.

"மனசு பஞ்சு மாதிரி கீதுய்யா" என்றாள் புருஷனிடம்.

"உனக்குப் பஞ்சு, தெருவுக்குப் பேஜாரு" என்றார் அலெக்ஸாண்டர். "சாமியார் கைல பாவசங்கீர்த்தனம் பண்ணிகினா போதாதா?"

"அவருக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்?"

ஈஸ்டருக்குத் துணி தைக்க ஒருத்தரும் வரவில்லை. பெரிய வெள்ளியன்று அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. சிலுவைப்பாதையில் பதினாலு ஸ்தலத்திலும் தனியாகவே முழங்காலிட்டாள். இதுவும் ஆண்டவர் கொடுத்த சோதனை என்று அவளுக்குப் பூரிப்புதான்.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் சாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னிய மன்னிக்காத பதினோரு வூட்டையும் நான் மன்னிச்சிட்டேன் சாமி!"

சாமியார் அலெக்ஸாண்டரைப் பார்த்தார். அலெக்ஸாண்டர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அடுத்த வாரம் அலெக்ஸாண்டர் எர்ணாவூர் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனார்.