உமாராணி டீச்சர் மேலே வைத்த சீட்டு

உமாராணி டீச்சர் பதினெட்டு வருஷ வேலையில் மூன்று பள்ளிகளைப் பார்த்துவிட்டார். மூன்றாவது பள்ளி தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில் இருக்கும் ஓர் அரசு நடுநிலைப்பள்ளி. தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் வீடு, இரண்டு பஸ் மாறி வர வேண்டும். இறங்கி நடந்தால் வெயிலும் உப்பின் வெள்ளையும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும். ஆனாலும் மாறுதல் கேட்டு அவர் ஒரு தடவைகூட மனுப் போட்டதில்லை. ஆற்றுப் பாசனத்து வயல்காட்டில், ஆதிச்சநல்லூர்ப் பக்கம் பிறந்தவர். சத்தமே இல்லாத வீட்டில் வளர்ந்தவருக்கு, வெடுக்கென்று மனதில் பட்டதைச் சொல்லிவிடும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பிடித்துப் போயிருந்தது.

அவருடைய பாடம் அறிவியல். நன்னெறி வகுப்பு தானாக வந்து தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை நன்னெறிக்கு ஒதுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்த அன்று, மற்ற ஆசிரியர்கள் ஆளுக்கொரு வேலையைச் சொல்லி நழுவிவிட்டார்கள்.

"உமா டீச்சர் எடுப்பாவ," என்று தலைமையாசிரியர் செந்தூர்வேல் முடித்துவிட்டார்.

எடுத்ததை அவர் ஒப்புக்குச் செய்யவில்லை. 'பொய் சொல்லக் கூடாது' என்று போர்டில் எழுதினால் பிள்ளைகள் அடிக்கோடு போட்டு அழகாக எழுதிக்கொள்வார்கள், அதோடு சரி என்பது அவருக்குத் தெரியும். அதனால் கையேட்டை மூடிவைத்துவிட்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாரம் ஒரு சீட்டு எழுதச் சொன்னார். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: 'இந்த வாரம் நான் கண்ட நல்ல செயல்.'

ஆரம்பத்தில் எல்லாச் சீட்டிலும் கண் தெரியாத தாத்தா ஒருவர் ரோட்டைக் கடந்தார். "ஏலே, நம்ம ஊர்ல ரோடே ஒண்ணுதான இருக்கு, இத்தன தாத்தா எங்கனலே கடந்தாவ?" என்று கேட்டு டீச்சர் சிரிப்பார். நாலைந்து மாதத்தில் பிள்ளைகள் உண்மையாகவே சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில், நன்னெறி வகுப்பு எங்கே நன்றாக நடக்கிறது என்று பார்க்க மாவட்டத்திலிருந்து கல்வி அலுவலர் வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகள் எழுதிய சீட்டுகளில் நல்லதாகப் பத்தை எடுத்துவைக்கும்படி தலைமையாசிரியர் சொன்னார். முதல் நாள் சாயந்தரம் உமாராணி டீச்சர் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். ஜெபிஷா எழுதிய சீட்டு வந்ததும் இரண்டு தடவை படித்தார். ஜெபிஷாவின் அம்மா விடியுமுன்னே உப்பளத்துக்குப் போய்விடுவார். பிள்ளை பெரும்பாலும் காலையில் சாப்பிடாமல்தான் வருவாள், அதிகம் பேசமாட்டாள். அவளா இதை எழுதினாள் என்று டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சீட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அலுவலர் மைக்கைப் பிடித்தார். கூடவே ஒன்றிய அலுவலகத்திலிருந்து சத்துணவைக் கவனிக்கும் அம்மாவும் வந்திருந்தார். அலுவலர் நல்ல மனிதர், குரலும் நல்ல குரல். மேலே இருந்த சீட்டை எடுத்து வாசித்தார்.

"எங்கள் பள்ளியில் சமைக்கும் தேவகனி அக்கா, மீதி வரும் முட்டையைத் தினமும் தூக்குச்சட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அவர்கள் வீட்டு மாமாவுக்கு நடக்க முடியாது. முதுகில் புண் இருக்கிறது. முட்டை சாப்பிட்டால் புண் ஆறும் என்று டாக்டர் சொன்னார்கள். அக்கா ஒன்றுகூடச் சாப்பிடாமல் மாமாவுக்கு ஊட்டுவார்கள். இது நான் கண்ட நல்ல செயல்."

நடுவிலேயே அவர் குரல் தடுமாறியது. ஆனால் நிறுத்த முடியவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். சமையற்கூட வாசலில் நின்ற தேவகனி வெட்கத்தோடு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். ஒன்றிய அலுவலகத்து அம்மா மட்டும் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்.

அதைப் பார்த்த பிறகுதான் உமாராணி டீச்சருக்கு உறைத்தது. வராத பிள்ளைகளின் முட்டை மிஞ்சும். அவித்த முட்டையை மறுநாளுக்கு வைக்க முடியாது, கொட்டத்தான் வேண்டும். ஆனால் அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. பள்ளியில் எல்லோருக்கும் விதி தெரியும். தேவகனி எடுத்துப்போவதும் எல்லோருக்கும் தெரியும். அவர் கணவர் மரியான் சங்கு குளிக்கப் போனவர். ஆறு வருஷத்துக்கு முன் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அதனால் யாரும் கண்டுகொண்டதில்லை.

கூட்டம் முடிந்ததும் அலுவலர் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வாசிக்கதுக்கு முன்னாடி என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"எனக்கு அது தப்பாவே தோணல சார்."

"எனக்கும்தான் தோணல. ஆனா மைக்குல வாசிச்சாச்சே. இனி கேக்காத மாதிரி எப்படி இருக்கது?"

புதன்கிழமை தேவகனியை விசாரிக்க வருவதாகத் திங்கட்கிழமை கடிதம் வந்தது. தலைமையாசிரியர் ஒரு வழி சொன்னார்.

"சும்மா கற்பனையா எழுதினேன்னு அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வரி வாங்கிருங்க டீச்சர். சின்னப் பிள்ளை, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. விஷயம் அதோட முடிஞ்சிரும்."

அன்று முழுக்க உமாராணி டீச்சருக்குப் பாடம் ஓடவில்லை. வேறு வழி யோசித்துப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் இடைவேளையில் ஜெபிஷாவை அறிவியல் அறைக்குக் கூப்பிட்டு, ஒரு தாளை நீட்டினார்.

"எதுக்கு டீச்சர்? நான் பாத்தததான எழுதுனேன்?"

"பாத்ததுதான் பிள்ளா. ஆனா பாக்கலன்னு எழுதணும்."

ஜெபிஷா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதலன்னா அக்காவுக்கு வேலை போயிருமா?"

"எழுதினா போகாது," என்றார் டீச்சர்.

ஜெபிஷா பேனாவை எடுத்தாள். டீச்சர் சொல்லச் சொல்ல, 'நான் எழுதியது பொய்' என்று தன் குண்டுக் கையெழுத்தில் எழுதிக் கையொப்பமும் போட்டுக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு, இதைத் தேவகனியிடம் சொல்லிவிட வேண்டும் என்று டீச்சர் அன்று மத்தியானம் சமையற்கூடத்துக்குப் போனார். அதற்குள் தேவகனியைத் தலைமையாசிரியர் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். புதன்கிழமை வருவதாக இருந்த ஒன்றிய அலுவலகத்து அம்மா, ஒரு நாள் முந்தியே வந்துவிட்டார். டீச்சர் ஓடிப்போய் வாசலில் நின்றபோது உள்ளே கேள்வி கேட்டாகிவிட்டது.

"எடுத்தேம்மா," என்று தேவகனி சொல்லிக்கொண்டிருந்தார். "இல்லன்னு சொன்னா அந்தப் பிள்ளைல்லா பொய்க்காரியாயிருவா? ஊருக்கு முன்னாடி என்னயப் பத்தி நல்லதா எழுதுன பிள்ளை. கொட்டுத முட்டையத்தான் எடுத்தேன். வேற அரிசி, பருப்பு ஒண்ணும் தொட்டதில்ல. மாதா சாட்சி."

மேஜைமேல் ஜெபிஷாவின் தாள் இருந்தது. அந்த அம்மா அதைத் தேவகனியிடம் காட்டவில்லை.

தேவகனி வெளியே போனதும் உமாராணி டீச்சர் உள்ளே போய், "அத நான்தான் எழுத வச்சேன். பிள்ளைமேல தப்பில்ல. எம்பேர்ல நடவடிக்கை எடுங்க," என்றார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் கோபமே இல்லை. "இத பைல்ல சேத்தா உங்களுக்கு மெமோ வரும். அந்தம்மா வேலைய அது காப்பாத்தாது. அவங்களே ஒத்துக்கிட்டாங்க, நான் எப்படி மறைக்கது? எனக்கும் மேல ஆள் இருக்காங்க டீச்சர்." தாளை மடித்து டீச்சரின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

பத்து நாளில் தேவகனிக்கு வேலை போனது. ஒன்பது வருஷம் அவர் துலக்கிய பாத்திரங்களை இப்போது புதிதாக வந்த ஒருவர் துலக்கினார்.

எப்படியோ வகுப்புக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. பாதிப் பேர் ஜெபிஷாவைக் கோள்காரி என்றார்கள். மீதிப் பேர் பொய்க்காரி என்றார்கள். டீச்சர் அதட்டினால் அந்த நேரத்துக்கு நிற்கும். ஜெபிஷா அழுததாகவும் தெரியவில்லை. ஆனால் மத்தியானம் மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போவதை விட்டுவிட்டாள். பைப்படி மேடையில் போய் உட்கார்ந்துகொள்வாள். டீச்சர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினார். "பசிக்கல டீச்சர்," என்றாள். நான்கு நாள் நீட்டிப் பார்த்தார். நான்கு நாளும் அதே பதில்தான். அவள் அம்மாவிடம் சொல்லலாம் என்றால், வெயில் ஏறிய பிறகும் வேலை முடியாத அந்தப் பெண்ணிடம் எதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைப் பீரியடை வேறு யாருக்காவது மாற்றித் தரச் சொல்லி உமாராணி டீச்சர் கேட்டார். தலைமையாசிரியர் தலையாட்டிவிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். நன்னெறி வகுப்பைச் சிறப்பாக நடத்தும் பள்ளிகளில் ஒன்றாக இந்தப் பள்ளியை எடுத்திருந்தார்கள். மற்ற ஆசிரியர்களுக்கு உமாராணி டீச்சர்தான் பயிற்சி கொடுக்க வேண்டுமாம்.

"இப்பம் போயி மாத்துனா என்ன ஏதுன்னு கேப்பாவ. கொஞ்ச நாள் போகட்டும் டீச்சர்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் ஒரு டஜன் முட்டை வாங்கிக்கொண்டு தேவகனி வீட்டுக்குப் போனார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. கட்டிலில் மரியான் ஒருக்களித்துப் படுத்திருந்தார். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்று, முடியாமல் சிரித்தார். தேவகனி கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூட டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். மீன் காயவைக்கும் இடத்தில் வேலைக்குக் கேட்டிருப்பதாகச் சொன்னார். முட்டைப் பையை மட்டும் வாங்கவில்லை.

"வேண்டாம் டீச்சர். நீங்க ஒரு நாள் தருவிய, ரெண்டு நாள் தருவிய. பொறவு?"

டீச்சர் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எழுந்து வாசலுக்கு வந்தார். தேவகனியும் கூடவே வந்தார்.

"ஜெபிஷா தெருவுல என்னயக் கண்டா ஓடிருதா. எதுக்குன்னு தெரியல. புதுசா வந்தவ அவளுக்கு ஒரு கரண்டி கூடப் போடுதாளா? காலைல வெறும் வயித்தோட வார பிள்ளை."

"போடுதா," என்றார் உமாராணி டீச்சர்.

"நல்லாச் சாப்பிடுதாளா?"

"சாப்பிடுதா."

தேவகனி முகம் தெளிந்தது. பஸ் வருகிறது என்று யாரோ கத்தினார்கள். டீச்சர் முட்டைப் பையோடு ரோட்டைப் பார்த்து நடந்தார்.