வலது சாக்கெட்

போன வாரம் ஆபீஸ் லிஃப்டில் பக்கத்து சீட்டுப் பெண் என் கன்னத்தைப் பார்த்து, "மை கலைஞ்சிருக்கு" என்றாள். நான் மை வைப்பதில்லை. தொட்டுப் பார்த்தால் விரலில் கறுப்புச் செதில். ஹெட்போனின் காது மெத்தை உரிந்து முகமெல்லாம் ஒட்டியிருக்கிறது. அன்று காலை மீட்டிங்கில் எல்லோரும் ஏன் என்னை அவ்வளவு கனிவாகப் பார்த்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

புது மெத்தை வரவழைத்தேன். பெட்டியில் 'அசல் தோல்' என்று போட்டிருந்தது. திறந்ததும் மூக்கருகே கொண்டுபோனேன். தோலும் ஷூவுமே தொழிலான ஆம்பூரில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. செருப்புக் கடையில், சோபாக் கடையில், ஒரு முறை கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை மேடையில் கழற்றி வைத்த ஷூவில்கூட முகர்ந்து பார்த்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். இது பிளாஸ்டிக். ஆட்டின் பக்கமே போகாத பிளாஸ்டிக்.

அசல் தோல் சூடானால் வேறு வாசம் வரும். லேசாகக் கருகினது மாதிரி, லேசாக எண்ணெய் மாதிரி, யாரோ அடுத்த அறையில் உயிரோடு இருப்பது மாதிரி. அந்த வாசத்தை நான் மனதில் வைத்திருப்பது தொழிற்சாலையிலிருந்து அல்ல, ரஃபீக் பாயின் மாடியிலிருந்து.

அப்போது எனக்கு முதல் வேலை. ஒரு ஷூ கம்பெனியின் சோதனைக் கூடத்தில் தோலைத் தேய்த்து, மடக்கி, நனைத்து, எப்போது பிய்யும் என்று பார்த்துக்கொண்டிருக்கச் சம்பளம். எதையாவது பிய்யும்வரை சோதிக்கும் புத்தி எனக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாயின் மாடியிலும் அதையே செய்தோம், பொருள்தான் வேறு.

ரஃபீக் பாய் கடைத்தெருவில் ஷூவுக்கு வேண்டிய சோல், பக்கிள், பசை விற்பவர். கடைக்கு மேலே ஓர் அறை. கீழிருந்து பசை வாசம் ஏறி வந்து முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் இசை மிக அழகாகக் கேட்கும். அங்கேதான் அவருடைய எலெக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போன் இருந்தது. சாதாரண ஹெட்போனில் குட்டி ஸ்பீக்கர் இருக்கும். இதில் சோப்புக் குமிழியின் தோல் அளவுக்கு மெல்லிய ஒரு தாள், இரண்டு துளைத் தகடுகளுக்கு நடுவே. அதில் ஐநூறு வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால்தான் தாள் அசையும். அதனால் போனில் செருக முடியாது. அதற்கென்றே தனி ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், வேண்டும். காதுக்கு இரண்டு அங்குலத்தில் இவ்வளவு மின்சாரத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி ரசிப்பவர்களை எங்கள் வீட்டில் 'அந்த ஷாக் பார்ட்டிங்க' என்பார்கள்.

நாங்கள் நான்கு பேர். பாய். வேலூர் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்தும் பிரபாகர் சார். காதில் விழுவதையெல்லாம் கட்டடம் மாதிரி வர்ணிப்பார், 'மேடை அகலம்', 'காற்றோட்டம்', 'பின் சுவர் தெரிகிறது' என்று. இணையத்தில் ஹெட்போன் பைத்தியங்களின் குழு ஒன்றில் அவர் எழுதும் விமர்சனத்துக்கு மதிப்பு இருந்தது. நான். அப்புறம் மாதனூர் ஜெயராஜ் அண்ணன், ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீசியன்.

எங்களில் யாரும் பாட்டுக் கேட்டதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய வயலின் கச்சேரிப் பதிவு இருந்தது. நடுவில் சபையில் யாரோ இருமுவார். அந்த இருமலைத்தான் கேட்போம். இருமியவர் இடப்பக்கமா வலப்பக்கமா, எத்தனையாவது வரிசை, சளி இருமலா வறட்டு இருமலா. வயலின்காரர் பாவம், எங்களுக்காக அந்த இருமல்வரை வாசித்துக்கொண்டிருப்பார்.

பாயிடம் வெளிநாட்டு ஆம்ப் ஒன்று இருந்தது. ஜெயராஜ் அண்ணன் சொந்தமாக ஒன்று செய்துகொண்டிருந்தார். வால்வு ஆம்ப். பழைய ரேடியோவில் இருக்கும் அந்தக் கண்ணாடி வால்வுகளைச் சென்னை ரிச்சி தெருவில் பொறுக்கி, பழைய மெஷின் தகட்டில் துளை போட்டு, ஷாப்பில் கழித்துப் போட்ட பழுப்பு ஆட்டுத் தோலை மேலே ஒட்டியிருந்தார். பாயின் பழைய ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கிப்போய், வீட்டில் கேட்டுக் கேட்டுத் திருத்தி, செய்து முடிக்க இரண்டு வருடம் ஆனது. இரண்டு வருடமும் பாய் அதற்கு வைத்த பெயர் கொசு பேட்.

"இன்னா ஜெயராஜு, கொசு பேட் ரெடியா? சார்ஜ் நிக்குதா?"

"சிரி பாய். ஒரு நாள் உன் சீமைப் பெட்டிய நீயே தூக்கிப் போட்டுட்டு எங்கிட்ட வருவ."

"வர்றேன்பா. எங்க வீட்ல கொசு ஜாஸ்தி."

அண்ணனுக்கு இது விளையாட்டு இல்லை. கோயம்புத்தூரில் ஒருவர், பிரபாகர் சார் நல்லதாக எழுதினால் வாங்கிக்கொள்வதாகவும், தெரிந்தவர்களுக்கும் சொல்வதாகவும் சொல்லியிருந்தார். "சார் எழுதிட்டா போதும்மா, நான் ஷாப்ப விட்டுடுவேன். அந்த ட்ரம்மு சத்தத்துல இன்னும் எத்தினி வருஷம் நிக்கிறது" என்று என்னிடம் படியில் ஒரு நாள் சொன்னார். தோலை ஊறவைத்து உருட்டும் அந்த மர ட்ரம்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறிய வீடு. பக்கத்தில் நின்று பேசினால் வாயசைவுதான் தெரியும்.

எங்கள் சோதனைக்குச் சில சட்டங்கள். சோதனைக்கு முன் புது ஆம்பைச் செய்தவரைத் தவிர யாரும் கேட்டுப் பார்க்கக் கூடாது. கேட்பவரும், முறைக்குக் காத்திருப்பவரும் சுவரைப் பார்த்தே உட்கார வேண்டும். கேட்பவர் தலைமேல், ஷூவின் உள்பக்கம் வைக்கும் மெல்லிய லைனிங் தோலை முக்காடு மாதிரிப் போட்டுவிடுவோம். ஒருவர் மட்டும் பின்னால் நின்று பிளக்கை மாற்றி மாற்றிச் செருகுவார். முடிவு டீக்குப் பிறகுதான் சொல்லப்படும். கடைசிச் சட்டம்: பொருளுக்குச் சொந்தக்காரர் அறையில் இருக்கக் கூடாது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். அவர் படிக்கட்டில் உட்கார வேண்டும்.

அந்த ஞாயிறு அண்ணன் ஆம்பைப் பெட்ஷீட்டில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி. இரண்டு ஆம்பும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில். வால்வுகள் சிவந்தன. மேலே ஒட்டிய தோல் சூடாகி அந்த வாசம் அறை முழுக்கப் பரவியது. "வறுவல் வாசன வருதுடா" என்றார் பாய். பிறகு அண்ணனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

முதலில் நான். "கம்மல கழட்டு பாப்பா" என்று பாய் அதட்டினார். கழற்றினேன். முக்காடு விழுந்தது.

"ஒண்ணு." வயலின். இருமல். பிளக் உருவும் சத்தம், செருகும் சத்தம். "ரெண்டு." வயலின். இருமல்.

ஹெட்போன் போட்டவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கத்துவார்கள். நான் கத்தினேன்: "ரெண்டாவது அடங்கிக் கிடக்கு பாய்! ஜலதோஷம் புடிச்ச மாதிரி!"

"எது மாதனூர்?"

"ரெண்டுதான்! இதக் கேக்கணுமா?"

பிரபாகர் சார் உட்கார்ந்தார். அவர் குரல் வகுப்பறைக்குப் பழகியது. "முதலாவதில் பின் சுவர் தெரிகிறது. இரண்டாவதில் சுவரும் இல்லை, ஆளும் இல்லை. உயிரே இல்லை பாய்! இதைக் காசு கொடுத்து வாங்குபவன் காதை அடகு வைத்தவன்!"

கதவு ஒல்லியான பிளைவுட். அப்போது அதை யாரும் நினைக்கவில்லை.

பாயின் முகம் விநோதமாக இருந்தது. கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். "டீ வாங்கிட்டு வர்றேன்" என்று பிளாஸ்க்கோடு கீழே ஓடினார். அண்ணன் உள்ளே வந்தார். சுவிட்சை அணைத்தார். வால்வுகள் ஆறுவதற்குக்கூட நிற்கவில்லை, பெட்ஷீட்டில் சுற்றினார். "பஸ் போய்டும்" என்றார். பிரபாகர் சார் போனில் தலை குனிந்து விமர்சனத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "மனசுல வெச்சுக்காதீங்க ஜெயராஜ், நேர்மையா எழுதறதுதான் உங்களுக்கு நல்லது" என்று நிமிராமலே சொன்னார்.

டீ வந்தபோது அண்ணன் இல்லை. பாய் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை அடக்கியதையெல்லாம் சிரித்துத் தீர்த்தார். அவருடைய வெளிநாட்டு ஆம்பில் இரண்டு சாக்கெட் உண்டு, இடது ஒன்று, வலது ஒன்று. இரண்டு முறையும் அதிலேயே மாற்றிச் செருகியிருக்கிறார். மாதனூர் ஆம்ப் பக்கத்தில் சிவந்துகொண்டு சும்மா இருந்தது. அது பாடவே இல்லை.

"சாரோட காத ஒரு நாள் டெஸ்ட் பண்ணணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசம்மா!"

நான் சிரித்தேன். ஜலதோஷம் என்று நானே கண்டுபிடித்த ஜலதோஷத்துக்காக வயிறு வலிக்கச் சிரித்தேன். பிரபாகர் சார் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, பிறகு தெளிந்து, "இடது சாக்கெட்டுக்கும் வலது சாக்கெட்டுக்கும் வித்தியாசம் இருக்கும்" என்றார். "உள்ளே ஒயர் நீளம் வேற பாய். நான் கேட்டது நிஜம்."

அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசியது அதைத்தான். சாக்கெட்டுக்குச் சாக்கெட் சத்தம் மாறுமா? பாய் ஆம்பைத் திறந்து ஒயரை அளந்து படம் அனுப்பினார். சார் பதிலுக்குப் பாடம் அனுப்பினார். நான் இருவருக்கும் எண்ணெய் ஊற்றினேன். ஜெயராஜ் அண்ணனுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று மூன்று பேரும் நினைத்தோம்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பாயின் வேனில் மாதனூர் போனோம். வாசலில் தண்ணீர் ட்ரம்முக்கு மூடியாக, வட்ட வட்டமாகத் துளை போட்ட ஒரு தகடு கிடந்தது. ஆட்டுத் தோல் இன்னும் ஒரு ஓரத்தில் ஒட்டியிருந்தது. அண்ணன் சிரித்த முகமாகத்தான் வந்தார்.

"டிரான்ஸ்ஃபார்மர் எங்கடா?" என்றார் பாய்.

"பிரிச்சு காப்பர எடைக்குப் போட்டுட்டேன் பாய். வால்வு பசங்க கிரிக்கெட்டுல ஒடஞ்சிபோச்சு."

பாய் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "அடப் பைத்தியமே. உன்னுத நாங்க கேக்கவே இல்லடா. என் பெட்டிலயே ரெண்டு வாட்டியும் சொருகினேன். சும்மா தமாஷுக்கு."

அண்ணன் அவர் பக்கத்தில் வந்து குந்தினார். பிறகு, குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல அவர் தோளைத் தட்டினார். "ஆறுதலுக்குப் பொய் சொல்லாத பாய். ரெண்டு வருஷமா எனக்கு அது தேனா கேட்டுச்சு. படிச்சவங்க ரெண்டு பேரு உயிரே இல்லன்றாங்க. அப்ப என் காதுதானே போயிருக்கு. ட்ரம்மு பக்கத்துல நின்னு நின்னு போய்டுச்சு. எனக்கே இப்பதான் தெரிது."

"நெஜமாத்தான்டா! அல்லா மேல சத்தியமா!" பாய் எழுந்து சாரிடம் திரும்பினார். "சார், நீங்களாவது சொல்லுங்க."

எல்லோரும் பிரபாகர் சாரைப் பார்த்தோம். அவர் ஒரே வார்த்தை சொன்னால் போதும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"பாய் மாற்றிச் செருகினாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை" என்றார். "ஆனால் நான் கேட்டதில் எனக்குச் சந்தேகம் இல்லை."

"பாத்தியா?" என்றார் அண்ணன், பாயிடம். கோபமே இல்லை. வாதத்தில் ஜெயித்தவரின் நிம்மதிதான் இருந்தது. உள்ளே திரும்பி, எங்களுக்கு டீ போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு மாடிக்கு யாரும் போகவில்லை. ரஃபீக் பாய் ஹெட்போனைப் பெங்களூரில் யாருக்கோ கொடுத்துவிட்டார். கடையையும் மூடிவிட்டார், அந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் தொங்குகிறது. பிரபாகர் சாரைக் காணொளிகளில் பார்க்கிறேன், இளைத்திருக்கிறார், இன்னும் பின் சுவரைத் தேடிக்கொண்டிருக்கிறார். அண்ணன் அதே ஷாப்பில் அதே ட்ரம் பக்கத்தில்தான். இப்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வதில்லையாம், இனி எதற்கு என்று.

அந்த நாட்களிலிருந்து எல்லாமே என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பசையின் போதை, இருமியவரின் வரிசை, பாய் கைக்குட்டையைக் கடித்த பல். அந்த ஆம்ப் எப்படிப் பாடியது என்பது மட்டும் இல்லை. மறந்துபோகவில்லை, எனக்கு அது கிடைக்கவே இல்லை. அதைக் கேட்ட ஒரே மனிதரோ, தான் கேட்டது பொய் என்று நம்புகிறார்.

இணையத்தில் தேடினால் பிரபாகர் சாரின் விமர்சனம் மட்டும் வருகிறது. நீக்கச் சொல்லி எழுதினேன், அவர் பதில் போடவில்லை. 'மாதனூர் வால்வு ஆம்ப்: உயிரில்லாத ஒலி' என்று தலைப்பு. சென்ற மாதம்கூட அதன் கீழே யாரோ எழுதியிருக்கிறார்: "நன்றி சார். நல்லவேளை, இதை வாங்க இருந்தேன்."