கார்ப்ரேட்டரில் பூரி மாவு

என் மாமனாருக்கு முழங்கால் மடங்காமல் போனதும் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் எங்கள் வில்லியனூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மகளையே கொடுத்தாயிற்று, இதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்திருப்பார். என் மனைவிக்கு அதில் துளியும் சந்தோஷமில்லை.

“எங்கப்பா அத ஓட்டுனத வுட தள்ளுனதுதான் ஜாஸ்தி” என்றாள்.

அந்த வண்டிக்கு இரண்டு சிலிண்டர், அதனால் இரண்டு கார்ப்ரேட்டர். ஒன்றை வைத்துக்கொண்டே உலகம் திண்டாடுகிறது. கழுவுகிறேன் என்று இரண்டையும் கழற்றினேன். கழற்றுவது சுலபம், கோபம் இருந்தாலே போதும். மாட்டுவதற்குத்தான் அறிவு வேண்டும். ஆகவே இரண்டும் ஹாலில், மாதா படத்துக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பெட்ரோல் வாடையோடு வாரக்கணக்கில் கிடந்தன. மாதா ஒன்றும் சொல்லவில்லை. மனைவி சொன்னாள்.

“சனிக்கிழம ஃபாதர் வூடு மந்திரிக்க வர்றாரு. அதுக்குள்ள இந்த எழவு இங்க இருக்கக் கூடாது.”

சனிக்கிழமை காலையில் வாசலில் உட்கார்ந்தேன். கார்ப்ரேட்டரை என்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழாய்கள் கருவாடு மாதிரி விறைத்திருந்தன. வெந்நீரில் ஊறவைத்தேன், சோப்பு தடவினேன், கெஞ்சினேன், கடைசியில் காலால் உதைத்தேன். உதைத்ததும் போய் உட்கார்ந்தன. ஏர் ஃபில்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஓடுகிறதா பார்ப்போம் என்று கிக்கரை மிதித்தேன்.

ஓடியது. பிரச்சினை அதுதான்.

ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே வண்டி உச்சக்குரலில் அலறத் தொடங்கியது. சாவி எப்போதோ தொலைந்துவிட்டதால் இரண்டு வயர்களை முறுக்கித்தான் ஸ்டார்ட் செய்வோம். பிரித்தால் நின்றுவிடும். ஆனால் அன்று காலையில்தான், எனக்கு வந்த திடீர் ஒழுங்கில், அந்த முடிச்சின் மேல் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தேன். நகத்தால் சுரண்டினேன். ஸ்டாண்டில் நின்ற வண்டி நடுங்கியபடி ஒவ்வோர் அங்குலமாக என்னை நோக்கி நகர்ந்தது. வெள்ளைப் புகை வாசலை மூடி, எதிர்வீட்டுக் கொடித்துணிகளைப் போய்ச் சேர்ந்தது.

அந்தப் புகைக்குள்ளிருந்து வெள்ளை அங்கியில் ஓர் உருவம் வெளிப்பட்டது. ஒரு நொடி, நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். தீர்த்தச் செம்போடு ஃபாதர்.

“நிறுத்துப்பா!” என்று கத்தினார்.

“நிக்கல ஃபாதர்!”

உள்ளே அவருக்காகப் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த என் மனைவி அப்படியே ஓடிவந்தாள். என்னை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள். திறந்திருந்த இரண்டு கார்ப்ரேட்டர் வாயிலும் மாவுக் கைகள் இரண்டையும் வைத்து அழுத்தினாள். காற்று கிடைக்காமல் வண்டி விக்கியது, இருமியது, அடங்கியது.

“தோத்திரம் ஃபாதர்” என்று அதே கையைக் குவித்தாள்.

ஃபாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஹால், படுக்கையறை, சமையலறை என்று ஜெபம் சொல்லித் தெளித்தார். திரும்பி வரும்போது வண்டியைப் பார்த்துச் செம்பைத் தூக்கினார். நான் குறுக்கே பாய்ந்தேன்.

“வாணாம் ஃபாதர். கார்ப்ரேட்டர்ல தண்ணி போனா ஸ்டார்ட் ஆவாது.”

“மந்திரிச்ச தண்ணிப்பா இது.”

“எந்தத் தண்ணியா இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதான் ஃபாதர்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப உன் மேல தெளிக்கிறேன். கோளாறு அங்கதான் இருக்கும்போல” என்று என் தலையில் தாராளமாக ஊற்றிவிட்டு, நாலு பூரி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் இரண்டையும் மறுபடி கழற்றினோம். தொண்டையில் மாவு அப்பியிருந்தது. அதைச் சுரண்டியெடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் ஏறி இறங்கும் உருளை ஒன்று உள்ளே உண்டு. அதன் பக்கவாட்டுப் பள்ளத்தில் ஒரு சிறு ஆணி உட்கார வேண்டும். நான் இரண்டு உருளைகளையும் இடம் மாற்றி, ஆணியின் மேலேயே குந்தவைத்திருந்தேன். இறங்க வழியில்லாமல் இரண்டும் முழுசாகத் திறந்தே நின்றிருக்கின்றன.

அவள் கார்ப்ரேட்டரைப் பிடித்துக்கொள்ள, நான் உருளைகளை மெல்லத் திருப்பி இறக்கினேன். ‘டிக்’ என்று உட்கார்ந்தன. இந்த முறை ஏர் ஃபில்டரையும் மாட்டினேன். கிக்கரை மிதித்ததும் வண்டி ஒழுங்காக, கிட்டத்தட்ட மரியாதையாக, முணுமுணுத்தது.

நான் ஏறப்போனேன்.

“நவுருங்க. மாவு போனது என்னுது” என்று துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தாள். கிளட்சைப் பிடித்து கியரைத் தட்டிய விதத்தில், அப்பா தள்ளிய நேரம் போக மீதி நேரத்தில் ஓட்டியது யார் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை வருடத்தில் சொன்னதேயில்லை.

மூலக்குளம் வரைக்கும் போனோம். நான் பின்னால் உட்கார்ந்து கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். லாரியை முந்தும்போது கண்ணை மூடிக்கொண்டு, என் வாழ்க்கையில் முதல்முறையாக மனதார ஜெபித்தேன்.