லாரன்ஸ் சாரின் நடு சேர்

லாரன்ஸ் சார் போய்விட்டார். நேற்று காலை, ஹார்ட் அட்டாக்.

சேதி கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, "அப்ப அந்த சேர் காலி"... சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் தோன்றியது.

தெரியாதவர்களுக்கு... சார் மைன்ஸில் ஃபோர்மேன். மிஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பாட்டு செட் அவர் குவார்ட்டர்ஸில் இருந்தது. ஹாலின் நாலு மூலைக்கும் ஒரு பாக்ஸ். குவாட்ராபோனிக் என்பார். எனக்கு நாலு பாக்ஸ், அவ்வளவுதான்.

பழைய இங்கிலீஷ் ராக் ரெக்கார்டுகள், நாலு பாக்ஸுக்கென்றே போட்டவை. ட்ரம்ஸ் ஒரு மூலையில் கிளம்பி ஹாலையே சுற்றி வருமாம். ஆனால் சரியாகக் கேட்பது ஒரே இடத்தில்தான்... நட்டநடுவில். அங்கே பிளாஸ்டிக் ஒயர் பின்னிய ஒரு சேர். அதில் சார் மட்டும்.

சுவரில் ஓட்டை போட்டு அத்தனை வயரும் இழுத்தது நான். முடித்துவிட்டு, ஒரே ஒரு பாட்டு உட்கார்ந்து கேட்கட்டுமா என்று கேட்டேன்.

"நீ திருவிழாவுக்கு மைக்செட் கட்றவன்யா செல்வம். குழாய் ஸ்பீக்கர் கேட்டு கேட்டு உன் காது செத்துப்போச்சு. கிச்சன் வாசல்ல நின்னு கேளு, போதும்."

அவர் மனைவி மேரி அக்காவை வைத்துக்கொண்டே இப்படிச் சொன்னார். அன்றைக்கே முடிவு செய்தேன்... ஒருநாள் அந்த சேரில் உட்காராமல் விடுவதில்லை.

தானே புயல் வந்து கரண்ட் போன வாரம், மந்தாரக்குப்பத்துக்கு என் கடை தேடி சைக்கிளில் வந்தார். பாட்டு கேட்காமல் முகம் வாடிக் கிடந்தது. என் ஜெனரேட்டர் வேண்டுமாம்.

தருகிறேன், வாடகை வேண்டாம், அந்த சேரில் நான் உட்காருவேன் என்றேன்.

ஒரு நிமிஷம் யோசித்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இப்படி ஒரு மனிதர்...

அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள். பாக்ஸைக் கழற்றி மாட்ட வேறு ஆள் இல்லாமல் என்னைத்தான் கூப்பிட்டார். முன்னாடி வயரைப் பின்னாடி மாட்டினேன், பின்னாடி வயரை முன்னாடி. பாடுகிறவன் இனி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பாடட்டும்.

கூப்பிடுவார், கெஞ்சுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவே இல்லை. இவ்வளவுதான் இவர் காது என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிச் சிரித்தேன். மார்க்கெட்டில் பார்த்தால் அவரும் சிரிப்பார்.

இன்றைக்குப் போனேன். வாசலில் ஷாமியானா, ஐஸ் பெட்டிக்குள் சார். மேரி அக்கா என் கையைப் பிடித்து ஹாலுக்குள் கூட்டிப்போனார். எடுக்கிறதுக்கு முன்னால் அவருக்கு ஒரு பாட்டு போட வேண்டுமாம். அந்த சேரையும் காட்டி, "உக்காரு தம்பி" என்றார்.

சேர் பின்சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்தது.

"நீ வயர மாத்துனது அன்னிக்கே தெரிஞ்சிக்கினாரு. சேரத் திருப்பிப் போட்டுக்கினு கேட்டாரு. அவன்கிட்ட சொல்லாத, சந்தோசமா சொல்லிக்கினு திரியட்டும்னாரு."

ஆறு வருஷம்...

உட்கார்ந்தேன். ட்ரம்ஸ் இடது காதுக்குப் பின்னால் கிளம்பி, நெற்றிக்கு முன்னால் போய், சுற்றி வந்தது. நன்றாகத்தான் இருந்தது. இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது.

அவர் செத்துவிட்டார் என்பதற்காக நான் மன்னித்துவிட்டதாக யாரும் கமெண்ட் போட வேண்டாம்.

போய் வாங்க சார். அங்கேயாவது ரெண்டு சேர் போடுங்க.

பாட்டு முடிவதற்குள் சேரின் ஒயர் பின்னல் அறுந்து உள்ளே இறங்கிவிட்டேன். முட்டியும் தாடையும் ஒன்றாகிவிட்டது. பெட்டி தூக்க வந்த நாலு பேர் முதலில் என்னைத் தூக்கினார்கள்.