இந்திராணி திரும்பக் கேட்ட கவிதை

இந்திராணி போய்விட்டார் என்பதை எங்கள் இலக்கிய வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் பார்த்தேன். நம்பவில்லை. உயிரோடிருக்கும் இரண்டு பேருக்கு அந்தக் குழுவில் ஏற்கெனவே அஞ்சலி செலுத்தியிருக்கிறார்கள். ஒரத்தநாட்டில் அவர் வீட்டுக்கே போன் செய்தேன். “ஆமா சார், காலைல ஆறு மணிக்கு” என்றார் அவர் தங்கை. அதற்குள் குழுவில் ‘மக்கள் கவிஞர்’, ‘மண்ணின் குரல்’ என்று புகழ் குவிந்துவிட்டது. எழுதியவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவரைப் பற்றி வேறு மாதிரிப் பேசியவர்கள். அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவன் நான். அவரை அறிந்த உங்களிடம் நான் சொல்ல வேண்டியது அதைத்தான்.

அவர் கால்நடை ஆய்வாளர். ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு ஊசி போடுவார். நான் நடத்தும் காலாண்டிதழின் கூட்டத்துக்கு அவர் முதலில் வந்த அன்று, காவிரித் தாயைப் பற்றி நான் ஒரு கவிதை வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள், அவர் தட்டவில்லை. “அம்மான்னு கூப்பிட்டுட்டீங்க, சரி. வாய்க்கால் கடைசில இருக்கவன் யாரு புள்ள சார்?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இன்னொரு நாள், “தண்ணி கெட்டுப்போச்சுன்னே எழுதுறீங்களே, யாரு தெருவுக்குக் கெட்டுச்சுன்னு எழுதுங்க” என்றார். பாராட்டையும் அவர் லேசில் நம்பமாட்டார். நன்றாயிருக்கிறது என்று யாராவது சொன்னால், “எந்த வரின்னு சொல்லுங்க” என்பார். பலர் அதோடு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் அவர் ஒரு கவிதை கொடுத்தார். ஓர் அரிசி ஆலை, நெல் ஊறவைத்த நாற்றத் தண்ணீரைக் காலனித் தெருவுக்குப் போகும் வாய்க்காலில் விடுகிறது. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் குழாயின் வாயில் சாக்கை அடைத்துவிடுகிறார்கள். அதுதான் கவிதை. படித்ததும் முதல் பக்கத்தில் வைத்தேன். இதழ் அச்சுக்குப் போகும் நாளன்று காலையில், பேருந்து நிலையத்துக்கு எதிரே அந்த ஆலை முதலாளியின் காரிலிருந்து இந்திராணி இறங்குவதைப் பார்த்தேன். சாயங்காலம் போன் வந்தது.

“சார், அந்தக் கவிதைய எடுத்துடுங்க.”

“சரிம்மா” என்று வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. காரணம்தான் எனக்குத் தெரியுமே!

அன்றைக்கே இரண்டு பேரிடம், அம்மா விலைபோய்விட்டார் என்று சொன்னேன். ஒரு வாரத்தில் அது எங்கள் ஊரைத் தாண்டி மன்னார்குடிக்கும் பேராவூரணிக்கும் போய்விட்டது. அதன் பிறகும் அவர் கூட்டங்களுக்கு வந்தார், உட்கார்ந்திருந்தார், போனார். எங்கள் இதழுக்கு மட்டும் ஒரு கவிதையும் தரவில்லை. அதையும் நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

இறுதிச் சடங்கு முடிந்து கிளம்பும்போது, ஓர் அம்மா என்னை வழிமறித்தார். பெயர் அஞ்சம்மாள். அதே ஆலையில் நெல் அவிக்கும் வேலையில் இருந்தவர்.

“அந்தக் குழாய்ல சாக்கு அடைக்கிறது நாந்தான் சார். நான் ஒருத்திதான். பாட்டு வந்திருந்தா யாரு சொன்னான்னு தேடவே வேணாம்.”

“அப்ப அந்தக் கார்?”

“மொதலாளி வீட்டு மாட்டுக்கு வயித்துல கன்னு திரும்பிக் கெடந்துச்சு. கார் அனுப்பிக் கூட்டியாந்தாங்க. நாந்தான் மாட்டைப் புடிச்சேன். அங்கதான் கேட்டேன், எழுதுனதப் போட்டுடாதம்மா, என் பொழப்பு போயிடும்னு. சரின்னுச்சு.”

அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“நான் மில்ல விட்டு நின்னு வருசமாச்சு. இப்பப் பாட்டப் போடுங்க, எம் பேரையும் போட்டுக்கங்க. ஆனா அந்தம்மாவ நீங்க பேசுனத மொத எழுதுங்க” என்றார். பிறகு அவரே சொன்னார்: “உங்ககிட்டயாவது சொல்லிடும்மான்னு அப்பவே சொன்னேன். வேணாம், அவரு ரெண்டு பேருகிட்ட சொல்லிடுவாருன்னுச்சு.”

எழுதிவிட்டேன். கவிதை அடுத்த பக்கத்தில் இருக்கிறது. நான் அவரைச் சந்தேகப்பட்டது மூன்று ஊர் சுற்றியது. அவர் என்னைச் சந்தேகப்பட்டது அஞ்சம்மாளைத் தாண்டிப் போகவில்லை. இந்திராணியிடமிருந்து எனக்கு மிச்சம், என்மேல் அவருக்கிருந்த அந்தச் சந்தேகம்தான். அது சரியானது. அதை வைத்துக்கொள்கிறேன்.