மாட்டினால் தைப்பேன்

மெஷினில் உட்காருமுன் வஜீதா கட்டைவிரலால் அந்தக் கம்பியை அசைத்துப் பார்க்கிறாள். தைக்கிறவர்களின் விரல் ஊசிக்கு அடியில் போய்விடாமல் தடுக்கும் சின்னக் கம்பி. ஆடவில்லை. துப்பட்டாவை முதுகுப் பக்கம் முடிந்துகொண்டு முதல் தோலை எடுக்கிறாள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. அவளுடைய லைனில் இருபத்திரண்டு மெஷின்கள். இருபத்தொன்றில் கம்பி கிடையாது. அது இருந்தால் வளைவில் தையல் சரியாகத் தெரியாது, தோலைத் திருப்ப நேரமாகும். ஆளாளுக்குக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். வஜீதா மட்டும் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். அவளால் மணிக்கு நாலைந்து ஜோடி கம்மி. பேச்சு வாங்குவதோ லைன் முழுக்க.

கெஞ்சினார்கள். "இன்னிக்கி ஒரு நாள் மட்டும்க்கா" என்றாள் அம்பிகா.

"ஒரு நாளுன்னு ஆரம்பிச்சா முடியாதுடி."

திட்டினார்கள். "உன் வெரலு மட்டும் இன்னா தங்கத்துல செஞ்சதா?" என்றாள் பக்கத்து மெஷின் மெர்சி.

"ஊசி ஏறுனா லைனா அழுவும்? நான்தானே அழுவணும்."

நூறு முறை கேட்டாலும் இதே பதில்தான், அதே குரலில். சில நாள் வீடு திரும்பும்போது வேகமாக நடப்பாள். மூச்சு வாங்கினால் அழுகை வராது என்பது அவள் கண்டுபிடிப்பு.

போன வியாழக்கிழமை டீ குடித்துவிட்டு வந்தால், கம்பியைக் காணோம். மெர்சி தலைநிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஏப்ரன் பையில் கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. வஜீதா உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள். அவள் முன்னால் தோல் குவிந்தது. அடுத்த மெஷின் வேலையில்லாமல் நின்றது, பிறகு அதற்கடுத்தது. சூப்பர்வைசர் கோதண்டராமன் ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது பேஜாரு?"

"கம்பி இல்ல சார். மாட்டினா தைப்பேன்."

"யாரு கழட்டுனது? பேரச் சொல்லு, இப்பவே வெளிய அனுப்பறேன்."

மெர்சியின் கால் பெடலிலேயே உறைந்துவிட்டது. மொத்த லைனும் வஜீதாவின் வாயைப் பார்த்தது.

"பேரு எதுக்கு சார்? நான் கம்பியத்தான் கேட்டேன்."

அவர் கத்தினார், மேலே ரிப்போர்ட் போடுவேன் என்றார். அவள் கட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் மெக்கானிக் வேறொரு கம்பி கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. லைன் ஆட்களின் பெஞ்சில் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. ஓரத்தில் ஒரு மேசை காலியாகத்தான் இருந்தது. வஜீதா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராக வந்து, டிபன் பாக்ஸை மெர்சிக்கும் அம்பிகாவுக்கும் நடுவே டக்கென்று வைத்தாள்.

"தள்ளு" என்று இடுப்பால் ஓர் இடி இடித்து உட்கார்ந்து, மூடியைத் திறந்தாள்.